எல்லை தாண்டி வந்து படம் பார்ப்பவர்களும் நடுவில் மாட்டிக்கொண்ட நாங்களும்

சித்தூர்ப்புழை:

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு நான் புலம்பப்போவது உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் லாரிமேல் ஏறி ஆடிய ரசிகர் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் விடிகாலை ஆட்டத்துக்கு அனுமதி இல்லை, எவ்வளவு பெரிய நடிகர் படமானாலும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. கேரளத்தில் அந்தத் தடை கிடையாது. அதே வருஷம் அக்டோபர் 19 அன்று 'லியோ' வந்தபோது இங்கே 4 மணிக்கே போட்டார்கள். ஐந்து மணி நேரம் காத்திருக்க எந்த ரசிகனுக்குப் பொறுமை இருக்கும்? கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் நடுராத்திரியில் வண்டியைக் கிளப்பி வாளையார் வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் பாலக்காட்டுக்கு இறங்கினார்கள். இப்போது பெரிய தமிழ்ப்படம் என்றாலே இதுதான் பேச்சு, யார் வண்டி, எத்தனை மணிக்கு, எந்த வழி.

அது அவர்கள் திருவிழா, நடக்கட்டும். நாலு மணி ஆட்டத்துக்கு நான் போவதே இல்லை. என் புகார் அப்புறம் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஃபர்ஸ்ட் ஷோ பற்றி. படம் வந்து பத்து நாள் ஆகி, கூட்டம் தணிந்து, வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டிக்கெட் எடுத்தால், அங்கேயும் அதே கூத்து. போன வாரம் எனக்கு முன்வரிசையில் ஒருவர் கைபேசியில் பேச ஆரம்பித்தார். மெதுவாகக்கூட இல்லை. வீட்டில் தேங்காய் வாங்கிப் போட்டாயிற்றா, கேஸ் வந்ததா, மோட்டாரை நிறுத்தினாயா, எல்லாம் விசாரித்தார். திரையில் ஒரு அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் மோட்டாரை நிறுத்தச் சொல்கிறார். பின்வரிசையிலிருந்து ஒருவர் மலையாளத்தில், 'இந்தப் பாண்டிகளால் பெரிய தொல்லை' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தமிழர்களை இங்கே மட்டமாகச் சொல்கிற பெயர் அது.

வேடிக்கை என்னவென்றால் போன் பேசியவர் பேசியது சுத்தமான பாலக்காட்டு மலையாளம். படம் தமிழ்ப்படம், அதனால் பழி எங்கள் தலையில். மாநிலம் பிரித்த 1956-க்கு முன்னாலிருந்தே இந்த மண்ணில் இருக்கிறோம், எங்கள் தாத்தா காலத்தில் இது கொச்சி ராஜ்யம். கோவையிலிருந்து வந்தவர் விசிலடித்தாலும், பாலக்காட்டுக்காரர் போன் பேசினாலும், முறைத்துப் பார்க்கப்படுவது தமிழ் பேசுகிற நாங்கள்தான். தியேட்டர் பெயர் சொல்லவில்லை, எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை.

முதல்நாள்_முதல்ஆட்டம்:

அண்ணா, வணக்கமுங்க. நான் கோயம்புத்தூர், சுந்தராபுரம் பக்கம். நீங்கள் சொன்ன 4 மணிக் கூட்டத்தில் நானும் உண்டு. ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தியேட்டருக்கு வருவதே கூட்டத்தோடு சேர்ந்து பார்க்கத்தானே? சத்தமே கூடாது என்றால் ஆறு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும், வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டு பார்க்கலாம். தலைவர் அறிமுகமாகும்போது விசிலடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அது படமா, பரீட்சை ஹாலா? அந்த இடத்தில் வசனமே வைக்க மாட்டார்கள், பின்னணி இசை மட்டும்தான் ஓடும், எடுக்கிறவர்களே எங்கள் விசிலுக்கு இடம் விட்டுத்தான் எடுக்கிறார்கள்.

போன் பேசினவரை நானும் திட்டுவேன். ஆனால் அதையும் விசிலையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள், அதுதான் வருத்தம்.

சித்தூர்ப்புழை:

தம்பி, விசிலை நான் குறையே சொல்லவில்லை. நாலு மணி ஆட்டத்தில் அடி, ஒன்பது மணி ஆட்டத்திலும் அடி. பத்தாவது நாள் சாயங்காலம், எழுபது வயசுப் பெரியவர்கள் பாதிப்பேர் இருக்கிற அரங்கில், நடிகர் திரும்பிப் பார்த்தாலும் விசில், தண்ணீர் குடித்தாலும் விசில் என்றால் என்ன செய்வது? அதுவும் நாலே பேர். நானூறு பேர் கத்தினால் அது வேறு. நாலு பேர் கத்தினால் மற்ற நானூறு பேரும் அந்த நாலு பேரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ரீல்பெட்டி:

தியேட்டரில் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் சேர்ந்து டிஜிட்டல் வந்தபின் வெளியே வந்தேன். இருபக்க நியாயமும் இருக்கட்டும், கேபினுக்குள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நாலு மணி ஆட்டத்தில் 'ஏன்டா இன்னும் போடவில்லை' என்று கதவை உடைக்கிறார்களே, அது பற்றி. படம் ஹார்டு டிஸ்க்கிலோ சாட்டிலைட்டிலோ முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடும். ஆனால் பூட்டியிருக்கும். திறக்கும் சாவி தனியாக மெயிலில் வரும், இந்தத் தியேட்டர், இந்த சர்வர், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த நேரத்துக்கு முன்னால் ஆபரேட்டர் தலைகீழாக நின்றாலும் ஒரு காட்சி ஓடாது. சாவி தாமதமானால் கேபினில் இருக்கிற ஆளுக்கு வியர்த்துக் கொட்டும், வெளியே இருக்கிறவர்கள் அவனுடைய அம்மாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது திரை. நிறையப் பேர் அதை வெள்ளை வேட்டி என்று நினைக்கிறார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் முழுக்க இருக்கும், ஏனென்றால் ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால்தான் நிற்கின்றன, வசனம் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் உங்களுக்கு வருகிறது. 3டி போடுகிற அரங்குகள் பலவற்றில் வெள்ளிப்பூச்சுத் திரை. அதைக் கையால் தொட்டாலே ரேகை பதியும், துடைத்தால் இன்னும் கெடும். மேடையில் ஏறிப் பால் ஊற்றுகிறேன், சூடம் காட்டுகிறேன் என்று வருகிறவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது? பால் கார்ப்பெட்டில் இறங்கி மூன்றாம் நாள் அடிக்கிற நாற்றம் இருக்கிறதே, அதை அனுபவிக்கிறவர்கள் பத்தாவது நாள் குடும்பத்தோடு வருகிறவர்கள். பேப்பர் கிழித்துப் போடுவதும் அப்படித்தான். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் இருபது நிமிஷம் கிடைக்கும், துடைப்பம் பிடிக்கிற இரண்டு அம்மாக்கள் சீட்டு மடிப்புக்குள் விரலை விட்டுத் துண்டு துண்டாக எடுப்பார்கள்.

கடைசியாகக் கைபேசி. சினிமாத் திரையின் வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, வெள்ளைப் படம் ஓடும்போது 48 நிட் (நிட் என்பது பிரகாசத்தை அளக்கும் அலகு). உங்கள் கைபேசி முழு வெளிச்சத்தில் 500-ஐச் சுலபமாகத் தாண்டும். அதாவது நீங்கள் மடியில் வைத்து வாட்ஸப் பார்க்கிற அந்தச் சின்னச் சதுரம், பின்வரிசைக்காரருக்குத் திரையைவிடப் பத்து மடங்கு பிரகாசம். இருட்டுக்குப் பழகிய கண் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. சத்தத்தை மன்னித்தாலும் வெளிச்சத்தை என்னால் மன்னிக்க முடிவதில்லை. விசிலடிக்கிறவன் படத்தைப் பார்த்துத்தான் விசிலடிக்கிறான். வாட்ஸப் பார்க்கிறவன் அங்கே இல்லவே இல்லை.

முதல்நாள்_முதல்ஆட்டம்:

ரீல்பெட்டி ஐயா, கடைசி வரிக்கு ஒரு விசில். சாவி மேட்டர் இதுவரை தெரியாது, இனிமேல் ஆபரேட்டரைத் திட்டமாட்டோம். ஆனால் அறிமுகக் காட்சியைப் பத்து வினாடி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது எல்லோரும் செய்வதுதானே? படத்துக்கு அது விளம்பரம்கூட.

களியக்காவிளை:

தம்பி, விளம்பரமா வினையா என்று பாருங்கள். சினிமாட்டோகிராப் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். தியேட்டரில் ஓடும் படத்தை அனுமதி இல்லாமல் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பித்துப் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். பத்து வினாடி ஸ்டேட்டஸுக்கு யாரும் உங்களைப் பிடித்து உள்ளே போட மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனாலும் கையில் தூக்கிப் பிடித்த அந்தப் போனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் தலைவர் முகத்தையே உங்கள் போனில்தான் பார்க்கிறான்.

எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். நான் களியக்காவிளைக்காரன், டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போகிற வழக்கம். 1996-இல் தொடங்கிய விழா, இப்போது பெரிய கூட்டம். அங்கே இருக்கிற பார்வையாளர்களைப் பார்த்தால் ஒழுங்கு என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் இல்லை என்று தெரியும். வரிசையில் இடம் கிடைக்காவிட்டால் சண்டை போடுவார்கள், பிடிக்காததைக் கண்டால் கூவுவார்கள், பிடித்தால் படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஆனால் படம் ஓடும்போது ஒரு போன் மினுங்கட்டும், பத்துப் பேர் திரும்புவார்கள். நம் ஊர் ஆள்தான், அதே ஆள் மறுவாரம் ஊரில் மசாலா படத்துக்குப் போய்க் காலைத் தூக்கி முன்சீட்டின்மேல் போட்டுக்கொள்கிறான். ஆளுக்கேற்ற குணம் என்று சொல்ல முடியவில்லை, அரங்குக்கேற்ற குணம்தான்.

நகரி மாப்பிள்ளை:

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நான் பெண் எடுத்தது ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில், சொந்த ஊர் திருத்தணி. இந்தப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு, வீட்டில் மாமனார் தெலுங்குப் படம்தான் பார்ப்பார், மாமியாருக்குத் தமிழ் சீரியல்.

பாலக்காட்டில் நாலு பேர் விசிலுக்கே புலம்புகிறீர்கள். இங்கே ஹீரோ படம் முதல் நாள் என்றால் தாரை தப்பட்டை, பேப்பர் மழை, திரைக்கு முன்னால் மேடையில் ஆட்டம், எல்லாம் உண்டு. நானும் ஆடியிருக்கிறேன். பழைய படங்களை நடிகர் பிறந்தநாளுக்கு மறுபடி போடுகிறார்கள் அல்லவா, 2022 அக்டோபரில் ஆந்திராவின் தாடேபள்ளிகூடத்தில் அப்படி ஒரு காட்சியில் உள்ளேயே பட்டாசு வெடித்துச் சீட்டெல்லாம் எரிந்தது. 2024 டிசம்பர் 4 ராத்திரி ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், நடிகர் வந்தார் என்று கூட்டம் முண்டியதில் ஒரு அம்மா செத்தார், அவர் பையன் உயிருக்குப் போராடினான். அவர்கள் குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவர்கள்.

அதனால் இதை மரியாதை, மரியாதைக்குறைவு என்று மட்டும் பேசினால் போதாது என்பது என் எண்ணம். போன் வெளிச்சம் எரிச்சல். கூட்டம் நெரிவது உயிர். ஒன்றுக்குப் பார்வையாளன் பொறுப்பு, இன்னொன்றுக்குத் தியேட்டர்காரரும் போலீசும் நடிகரும்தான் பொறுப்பு. கதவு எத்தனை, எந்தப் பக்கம் திறக்கும், உள்ளே எத்தனை பேரை விட்டார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

ஒலவக்கோடு அக்கா:

எல்லோரும் ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் வருகிறேன்.

எனக்குக் கைக்குழந்தை. தியேட்டருக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. குழந்தை அழுதால் உடனே வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டும், அது எனக்கே தெரியும், யாரும் 'உச்' கொட்டத் தேவையில்லை. ஆனால் எழுந்து வெளியே போவதற்குள் வரிசையில் இருக்கிற ஒவ்வொருவரும் காலை மடக்குவதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் இருக்கிறதே! அழுகிற குழந்தையைவிட அந்த முனகல்தான் சத்தம். வெளியே வந்தால் உட்கார நாற்காலி கிடையாது, பாப்கார்ன் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு தாலாட்ட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் கைரளி–ஸ்ரீ–நிளா அரசுத் தியேட்டரில் 2022-இல் அழும் குழந்தைகளுக்கென்றே ஒரு அறை கட்டினார்கள். சத்தம் வெளியே போகாது, கண்ணாடி வழியாகப் படம் தெரியும், தொட்டில் உண்டு, துணி மாற்ற இடம் உண்டு. பாலக்காட்டில் எந்த முதலாளியாவது இதைச் செய்தால் மாதம் ஒரு படம் பார்க்க நான் தயார். அப்புறம் ஒன்று, 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவருவதைத் தியேட்டர் தடுக்கலாம் என்று சொன்னது, ஆனால் குடிதண்ணீர் இலவசமாக வைக்க வேண்டும், குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சேர்த்துத்தான் சொன்னது. பால்பாட்டிலைக் கேட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்ன செக்யூரிட்டிக்கு இதை நான் சொன்னபோது அவர் மேனேஜரைக் கேட்கிறேன் என்றார். கேட்கட்டும்.

சித்தூர்ப்புழை:

அக்கா, காலை மடக்காத ஆட்கள் பற்றித் தனி இழையே போடலாம். என் பக்கத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் முன்சீட்டின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார், நடுவில் அந்த முன்சீட்டுக்காரரின் தலை.

எருத்தேம்பதி:

சித்தூர்ப்புழை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. நீங்கள் சொல்கிற தொல்லைக்காரர்கள் பட்டியலில் 'மொழிபெயர்ப்பாளர்' உண்டா? ஏனென்றால் அது நான்தான்.

எங்கள் அம்மாச்சி எழுபத்தெட்டு வயசு, வீட்டில் தமிழ் மட்டும். மலையாளம் தெரியும், கடைத்தெரு மலையாளம், சித்தூர்ச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் படத்தில் திருச்சூர்க்காரர்கள் வேகமாகப் பேச ஆரம்பித்தால், இல்லை காசர்கோடு பக்கத்துப் பேச்சு வந்தால், என் முழங்கையைத் தட்டி 'என்ன சொல்றான்?' என்பார். பக்கத்திலிருப்பவர் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் அவருக்கு அழுகை வரும். நான் காதோடு சொல்வேன். அதற்குள் அடுத்த நகைச்சுவை போய்விடும். நான் சொல்லி முடித்து அம்மாச்சி சிரிக்கும்போது அரங்கமே அமைதியாக இருக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டில் மலையாளப் படம் போட்டால் ஆங்கில எழுத்தாவது கீழே ஓடுகிறது. இங்கே மலையாளப் படத்துக்கு அதுவும் இல்லை, தமிழ்ப் படத்துக்கும் இல்லை. கிழக்குப் பாலக்காட்டில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கும்போது ஒரு காட்சிக்காவது தமிழ் எழுத்தோடு போடலாம்.

முதல்நாள்_முதல்ஆட்டம்:

அம்மாச்சிக்கு முழு அனுமதிங்க. அவர் சிரிப்புக்கு நான் விசிலடிப்பேன்.

மேட்டுப்பாதை:

புதிதாக எழுதுகிறேன். கஞ்சிக்கோடு ஃபாக்டரியில் வேலை, ஊர் உடுமலைப்பேட்டை. என் தம்பிக்குக் கண் தெரியாது. சினிமா என்றால் அவனுக்கு உயிர், பாட்டு, பின்னணி இசை, வசனம் எல்லாம் எங்களைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பான். வசனம் இல்லாத இடத்தில் மட்டும் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். 'கதவைத் திறக்கிறாள். உள்ளே யாரும் இல்லை. சுவரில் படம்.' இப்படி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். சண்டைக்காட்சியில் கத்துகிற கூட்டத்துக்கு நடுவில் யாருக்கும் கேட்காது. ஆனால் அமைதியான காட்சியில்தான் சொல்லவே வேண்டியிருக்கிறது, அங்கேதான் திட்டும் விழுகிறது.

ஒருமுறை முன்னால் இருந்தவர் திரும்பி, 'கதை சொல்றதுனா வீட்டில் சொல்லுங்க' என்றார். தம்பி உடனே, 'அண்ணா, எனக்குக் கண் தெரியாது, அதனாலதான்' என்றான். அவர் அப்புறம் திரும்பவே இல்லை. இன்டர்வெலில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது, காது கேளாதவர்களுக்கு எழுத்து, கண் தெரியாதவர்களுக்கு ஒலி விவரணை, இரண்டும் படங்களில் வர வேண்டும் என்று. எங்கள் பக்கத்துத் தியேட்டரில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அது வருகிற வரை நான் காதோடு சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். ஓரச் சீட்டாகப் பார்த்து எடுக்கிறோம், பின்னால் சுவர் இருந்தால் இன்னும் நல்லது.

சித்தூர்ப்புழை:

மேட்டுப்பாதை, எருத்தேம்பதி, இரண்டு பேருக்கும்: நீங்கள் இரண்டு பேரும் என் பக்கத்துச் சீட்டில் உட்காரலாம். பக்கத்திலிருக்கிற ஒருவர் படத்தைப் பார்ப்பதற்காகப் பேசுவது என்னை எரிச்சல்படுத்தாது. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத மோட்டாரும் கேஸும்தான் எரிச்சல்.

ரீல்பெட்டி:

அதுதான் சரி. பழைய கொட்டகையில் தரை டிக்கெட்டில் ஒருவன் மணலைக் குவித்து உயரமாக்கி அதன்மேல் உட்காருவான், பின்னால் இருப்பவன் தானும் குவிப்பான், கடைசியில் அங்கே சண்டை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு குட்டைச்சுவர். பீடிப்புகை புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுருள் சுருளாகப் போகும். அந்தக் காலம் ஒழுங்காக இருந்தது என்று சொல்கிறவர்கள் யாரும் அந்தக் காலத்துத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்ததில்லை. புகை மட்டும்தான் உண்மையாகவே ஒழிந்தது, அதுவும் தானாக ஒழியவில்லை. பொது இடத்தில் புகைப்பதற்குக் கேரள உயர்நீதிமன்றம் 1999-லேயே தடை போட்டது, நாடு முழுக்க 2008 அக்டோபரில் வந்தது. இடைவேளையில் கழிவறைக்குள் புகைக்கிறவன் இன்னும் இருக்கிறான், அவனைச் சொல்லவில்லை.

நகரி மாப்பிள்ளை:

தியேட்டர்காரர்களே செய்கிற அநியாயத்தை யாராவது எழுதுங்கள். மல்டிபிளெக்ஸில் படத்தின் நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு டார்ச் அடித்து, 'சார், நாச்சோஸ்?' என்று வருகிறான். ஆர்டர் கொடுத்தது எனக்கு முன்னால் நாலாவது வரிசை. சண்டைக்காட்சியில் ஒருவர் துப்பாக்கியைக் காட்டுகிறார், திரையை மறைத்து நின்றுகொண்டு இன்னொருவர் கார்டு மெஷினைக் காட்டுகிறார்.

படம் முடிந்து பெயர் ஓட ஆரம்பித்ததும் எல்லா விளக்கையும் போட்டுக் கதவைத் திறப்பதும் இதே வகைதான். பெயர்களில் நம் ஊர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், உதவி எடிட்டர், அவன் அம்மா அந்தப் பெயரைப் பார்க்கத்தான் வந்தார். துடைப்பத்தோடு வந்து, 'அம்மா, எழுந்திருங்க' என்கிறார்கள்.

களியக்காவிளை:

அந்த வரிசையில் தேசிய கீதத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன், அது வேறு சண்டை. 2016 நவம்பரில் கட்டாயம் என்றார்கள், அந்த டிசம்பரில் எங்கள் விழாவில் எழுந்து நிற்காதவர்களைக் கைது செய்தார்கள், 2018 ஜனவரியில் கட்டாயம் இல்லை என்று அதே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது போடுகிற இடத்தில் நிற்கிறோம், போடாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பிரச்சினை தீர்ந்தது.

முதல்நாள்_முதல்ஆட்டம்:

சரி, எல்லாம் பேசினோம். அந்தப் போன் பேசுகிற ஆளிடம் எப்படிச் சொல்வது, அதைச் சொல்லுங்கள். நான் சொன்னால் 'நீ யாருடா' என்று சண்டைக்கு வருகிறான். போதாததற்கு என் வண்டி தமிழ்நாட்டு நம்பர்.

ஒலவக்கோடு அக்கா:

தோளைத் தொடக்கூடாது, 'ஹலோ' என்று கூப்பிடக்கூடாது. இரண்டும் சண்டையில்தான் முடியும். சாய்ந்து, காதுக்குப் பக்கத்தில் வந்து, 'சேட்டா, வெளியே போய்ப் பேசினால் நன்றாகக் கேட்கும்' என்று சொல்லுங்கள். மலையாளத்தில் சொன்னால் மலையாளத்தில், தமிழ் ஆளானால் தமிழில். அவருக்கு நல்லது சொல்கிற மாதிரி சொன்னால் எழுந்து போய்விடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். பெண் சொன்னால் இன்னும் சீக்கிரம் போகிறார்கள், சில பேர் மட்டும் முறைப்பார்கள், முறைத்துவிட்டுப் போகட்டும்.

எருத்தேம்பதி:

இல்லாவிட்டால் எங்கள் அம்மாச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள். போன் பேசினவனிடம் சத்தமாகவே கேட்டார், 'யாருப்பா, வீட்டுக்காரியா? சாப்பிட்டாளா கேளு.' அரங்கமே சிரித்தது, அவன் போனை வைத்துவிட்டான்.

சித்தூர்ப்புழை:

இதுவரை எழுதிய எல்லோருக்கும்: நேற்று அந்தத் தியேட்டர் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர். படம் தொடங்குமுன் போன் அறிவிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் போடுவதாகச் சொன்னார், சனி ஞாயிறு மேலே பால்கனியில் ஒரு ஆளை நிறுத்துவதாகவும் சொன்னார். குழந்தை அறை பற்றிக் கேட்டேன், பால்கனியின் கடைசி பாக்ஸ் அறை சும்மா இருக்கிறது, முதலாளியிடம் பேசுகிறேன் என்றார், அக்கா எதிர்பார்க்க வேண்டாம். டார்ச் அடித்துத் தின்பண்டம் கொண்டுவருவது மட்டும் நிற்காது, கேன்டீன் ஒப்பந்தம் வேறு ஆள், வருமானமே அதில்தான் என்றார். 4 மணி ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் கூட்டித் துடைக்கக் கூடுதல் அரை மணி விடுங்கள் என்றதற்கு, அந்த ஒரு நாள்தான் சம்பாத்தியமே, எப்படி விடுவது என்று திருப்பிக் கேட்டார். அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

'பாண்டி' பேச்சைப் பற்றியும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அதை அறிவிப்பில் போட முடியாதே' என்றார்.

மேட்டுப்பாதை:

நல்ல வேலை அண்ணா. தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்குப் பார்க்கிங்கில் கூடுதலாக வாங்குவதையும் அடுத்தமுறை கேளுங்கள்.

முதல்நாள்_முதல்ஆட்டம்:

அடுத்த பெரிய படத்துக்கு நாலு மணி ஆட்டம் போட்டால் வருகிறோம், பேப்பர் கொண்டுவர மாட்டோம், ஆனால் விசில் உண்டு. ரீல்பெட்டி ஐயா, சத்தம் நன்றாகக் கேட்க எந்த வரிசையில் உட்கார வேண்டும்? முன்னால் போனால் கழுத்து வலிக்கிறது, கடைசியில் போனால் எல்லாம் பின் ஸ்பீக்கர்தான்.

ரீல்பெட்டி:

திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடுச்சீட்டு. சத்தத்தை அளந்து சரிபார்க்கிறவர்கள் மைக் வைப்பது அந்த இடத்தில்தான். நம் பக்கத்து அரங்குகளில் பெரும்பாலும் ஜே, கே வரிசை வரும், ஆனால் நாலு மணி ஆட்டத்தில் எங்கே உட்கார்ந்தாலும் உங்களுக்கு உங்கள் விசில் மட்டும்தான் கேட்கும். நல்ல சீட்டை மறுவாரம் வருகிற அம்மாச்சிக்கு விடுங்கள்.